அறுநூறு சுற்று

"இங்க காயில் சுத்தித் தருவாங்களா?"

"முந்நூத்தி எண்பத்தேழு."

"என்னங்க?"

"முந்நூத்தி எண்பத்தெட்டு."

வாசலில் நின்றவன் ஒரு அடி பின்னால் போனான். வெளியே மழை பிடித்துக் கொட்டியது. தலை, தோள், மூக்குக் கண்ணாடி என்று முழுக்க நனைந்திருந்தான். சட்டைக்குள் மட்டும் நீளமாக ஏதோ ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிச் செருகி, அதன்மேல் ஒரு துளி படாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தான்.

மேசைக்கு அடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. எண்ணிக்கொண்டிருந்தவளின் அக்கா அங்கே எரிந்துபோன மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவகிட்ட இப்ப கேக்காதீங்க சார். நூறு முடியாம பேச மாட்டா. அவளுக்கு இந்தத் தெருவுல பேரே மீட்டர்."

"இப்ப எண்பத்தெட்டுல இருக்காங்க..."

"அப்ப பன்னெண்டு சுத்து நில்லுங்க."

நின்றான். பன்னிரண்டு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்... ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் பார்த்தது நிறைய. அவளுடைய இடது கை கைப்பிடியைச் சுழற்ற, வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே தலைமுடி போன்ற செப்புக் கம்பி வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் உதடு லேசாக அசைந்தது. இயந்திரத்திலேயே எண்ணும் முள் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

தொண்ணூற்றாறில் நிமிர்ந்தாள்.

மழைத்துளி ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... தூங்கி எழுந்த குழந்தையின் கண்களைப் போல, எதையோ கேட்கக் காத்திருக்கும் கண்கள். உதடு நின்றது. கை நின்றது. தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா?

ஒரு சுற்றைப் பின்னால் அவிழ்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தாள். கன்னம் மட்டும் சூடாக இருந்தது.

"நானூறு." நூலால் கட்டினாள். "இப்ப சொல்லுங்க. என்ன மோட்டார்?"

"மோட்டார் இல்லைங்க."

செய்தித்தாளைப் பிரித்தான். உள்ளே ஒரு இரும்புக் கம்பி. பென்சிலை விட மெலிது, ஒரு சாண் நீளம்.

"இதைத் தொடாம, இதைச் சுத்தி ஒரு காயில் வேணும். நான் காலேஜ்ல இயற்பியல் வாத்தியார். ஒரு பரிசோதனைக்கு. சரியா அறுநூறு சுத்து. ஒண்ணு கூடவோ குறையவோ கூடாது."

"எங்க கடையில கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இதை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"கம்பி ஒரு நூல்ல தொங்கும். காயில் அதைச் சுத்தி நிக்கும். கரண்டோட திசையைத் திருப்பிவிட்டா கம்பி லேசாத் திரும்பும்."

"எப்படித் திரும்பும்? காயில் நேரா நின்னா காந்தம் மேலயும் கீழயும்தானே. பக்கவாட்டுல திருப்ப அங்க யாரு இருக்கா?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"இந்தக் கேள்வியைக் கேளுங்கடான்னு நாலு வருஷமா வகுப்புல தவம் கிடக்கிறேன். ஒருத்தரும் கேட்டதில்லை."

"கேட்டாச்சு. பதில் சொல்லுங்க."

"இரும்புக்குள்ள இருக்கிற எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு. அதனால..."

"பம்பரம் மாதிரி சுத்துதா?"

"அதான் இல்ல. அது ஒரு குட்டிப் பந்து, தன்னைத்தானே சுத்துதுன்னு வெச்சுக்கங்க. அதோட ஓரம் ஒளியை விட வேகமாப் போக வேண்டியிருக்கும். அது நடக்கவே நடக்காது. அதனால எதுவும் சுத்தல."

"சுத்தலையா?"

"சுத்தல. ஆனா சுத்துற பொருளுக்கு இருக்குமே கோண உந்தம்... அது இருக்கு. சுத்தாமலே இருக்கு."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"அதாவது வீட்டுல ஆளே இல்ல, ஆனா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. அப்படியா சார்?"

அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அவன் முகம் சுருங்கிப்போனது.

"புரியாதவங்களுக்கு இதைச் சொல்றது கஷ்டம்தான்."

"புரிஞ்சவங்க சொன்னா கஷ்டமே இல்ல சார்," என்றாள் தங்கை. " கம்பியை வெச்சுட்டுப் போங்க. திங்கக்கிழமை வாங்கிக்கலாம்."

அந்த மழையிலேயே இறங்கிப் போய்விட்டான்.

"வந்த ஆளை விரட்டிட்டியேடி."

"வந்தவர் என்னை முட்டாள்னு சொன்னாரே, அது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நீ நானூறு முடிக்கிறதுக்குள்ள ஒரு சுத்து அவிழ்த்ததும் கண்ணுல விழுந்துச்சு."

"கீழ விழுந்த ஸ்பேனரை எடு. வேலை கிடக்கு."

சகோதரிகள் இருவரும்தான் கடை. அப்பா போனபோது அவளுக்குப் பதினெட்டு. பதினோரு வருஷமாகச் சுற்றுகிறாள். சுற்றி முடித்த ஒவ்வொரு காயிலின் ஓரத்திலும் நகத்தளவு சீட்டு ஒன்றை நூலால் கட்டுவாள். எத்தனை சுற்று, என்ன கம்பி, கீழே அவளுடைய கையெழுத்தாக ஒரு புள்ளி. மற்ற கடைக்காரர்கள்கூட அந்தப் புள்ளியைப் பார்த்தால் பிரித்து எண்ண மாட்டார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு காயில் திரும்பி வந்ததில்லை. அவளிடம் வேறு பெருமை எதுவும் இல்லை, இது போதும் என்றிருந்தாள்.

திங்கட்கிழமை அவன் வந்தான். குடையோடு வந்தான். மழை இல்லை.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"இங்க வாங்க."

மேசைமேல் ஒரு சின்ன மோட்டார் இருந்தது. போல்ட் போடாமல் சும்மா வைத்திருந்தாள். ஸ்விட்சைத் தட்டினாள். உள்ளே இருந்தது ஒரு பக்கம் கிளம்ப, மோட்டாரின் உடம்பு எதிர்ப்பக்கமாக உதறி, மேசையில் கால்வட்டம் திரும்பி நின்றது.

"உள்ள இருக்கிறது இந்தப் பக்கம் கிளம்பினா, கூடு அந்தப் பக்கம் உதறும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா கூடவும் இல்ல, குறையவும் இல்ல. உங்க கம்பியும் இதைத்தானே பண்ணுது?"

அவன் குனிந்து மோட்டாரைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தான்.

"கரண்டைத் திருப்பினா காந்தம் தலைகீழாகும்," என்றான் மெதுவாக. "காந்தம் தலைகீழாகுதுன்னா உள்ள அத்தனை எலக்ட்ரானும் புரளுது. அதுங்ககிட்ட இருக்கிற கோண உந்தமும் கூடவே புரளுது. மொத்தம் மாறக் கூடாது இல்லையா... அதனால கம்பி எதிர்ப்பக்கம் திரும்பித்தான் ஆகணும். நீங்க சொன்ன கூடு மாதிரி."

"கம்பி திரும்புறது கண்ணுக்குத் தெரியும்?"

"தெரியும். கம்பியில ஒரு கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கு. எதிர்ச் சுவத்துல ஒளிப்புள்ளி நகரும்."

"அப்ப அந்த உந்தம் நிஜம்."

"நிஜம்."

"ஆனா எதுவும் சுத்தல."

"எதுவும் சுத்தல."

"சரி," என்றாள். "நம்புறேன். நீங்க சொன்னதுக்காக இல்ல. கம்பி திரும்புதே, அதுக்காக."

அவன் அன்று முதல் தடவையாகச் சிரித்தான். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். கொண்டுவந்தவள் உள்ளே போகாமல் கதவோரம் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொண்ணு காட்டட்டுமா?" என்றான். "எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு முழுச் சுத்து திருப்பினா பழையபடி ஆயிடும். எலக்ட்ரான் ஆகாது. ரெண்டு சுத்து வேணும்."

"அதெப்படி?"

டீ டம்ளரை உள்ளங்கைமேல் வைத்தான். சாய்க்காமல், கையை அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் ஒரு முழு வட்டம் திருப்பினான். டம்ளர் பழையபடி நின்றது. கை மட்டும் முறுக்கிக்கொண்டு, முழங்கை வானத்தைப் பார்த்தது.

"டம்ளருக்கு ஒரு சுத்து முடிஞ்சுது. எனக்கு முடிஞ்சுதா?"

"இல்ல. பார்க்கவே வலிக்குது."

அதே பக்கமாக இன்னொரு வட்டம், இந்த முறை தலைக்கு மேலே. கை நேராகிவிட்டது.

"இப்ப?"

"குடுங்க, நான் பண்றேன்."

பண்ணினாள். முதல் வட்டத்தின் பாதியிலேயே டம்ளர் சாய்ந்தது. இரண்டு விரல்கள் வந்து அவள் முழங்கையைத் தாங்கின... தாங்கிய வேகத்தில் விலகிவிட்டன. டீ சிந்தவில்லை. இருவரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு சுத்துன்னு சொன்னீங்களே சார்," என்றாள் அக்கா கதவோரத்திலிருந்து. "இன்னும் ஒண்ணரை பாக்கி இருக்கு."

அன்று காயிலை வாங்கிக்கொண்டு போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னான். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. வரும் வெள்ளிக்குப் பிந்திய வெள்ளி ஒரு குழு வருகிறது. மாணவர்கள் செய்யக்கூடிய புதிய பரிசோதனை ஒன்றை ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி.

"அப்புறம்?" என்று கேட்டாள்.

"வேற ஊர்ல எங்கயாவது தேடணும்."

"ஓ," என்றாள். சீட்டை நூலால் கட்டினாள். அறுநூறு. கீழே ஒரு புள்ளி. அன்று அந்தப் புள்ளியை வைக்கக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் எடுத்தது.

அடுத்த எட்டு நாளில் நாலு தடவை வந்தான். ஒரு நாள் முனையில் ஈயம் விட்டுப்போச்சு என்றான். பார்த்தால் விடவில்லை. ஒரு நாள் கறுப்பு டேப் வேண்டும் என்றான். ஒரு நாள் எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிட்டதாகச் சொன்னான்.

"எலக்ட்ரானோட தற்சுழற்சியை எந்தப் பக்கம் இருந்து அளந்து பார்த்தாலும் மேலே, கீழேன்னு ரெண்டே பதில்தான் வரும்," என்று ஒரு நாள் சொன்னான். "நடுவுல எதுவும் கிடையாது."

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு," என்றாள் அக்கா. "ஆமா, இல்ல. அவ்வளவுதான் அதுக்கு வரும்."

"அக்கா..."

"இதோ, இதுக்கு எந்தப் பதில்னு எனக்கே தெரியல."

புதன்கிழமை மாலை கல்லூரி ஆய்வக உதவியாளர் கடைக்கு வந்தார். இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு பெறப் போகிற மனிதர். ஃபியூஸ் கம்பி வாங்க வந்தவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாத்தியார் கம்பி திரும்பிடுச்சும்மா."

"திரும்பிடுச்சா!"

"ஆனா பாதிதான்."

அவள் கை நின்றது. "என்ன பாதி?"

"போர்டுல நாப்பத்தெட்டுக் கோடுன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தார். ஒளிப்புள்ளி இருபத்திநாலு கோடுதான் போச்சு. பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன்."

"சார் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அப்படியே நாற்காலியில உக்காந்துட்டார். கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், மாட்டினார். மறுபடி கழட்டித் துடைச்சார். எனக்கே பாவமாப் போச்சு."

அவர் போன பிறகும் வெகுநேரம் அவள் அசையவில்லை. அவள் தொழிலில் பாதிக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு மோட்டார் பாதி வேகத்தில் ஓடினால் அது சுற்றினவளின் குற்றம். ஒரு விசிறி பாதிக் காற்று கொடுத்தால் அது சுற்றினவளின் குற்றம். அவன் நாகரிகம் உள்ளவன், வந்து சொல்ல மாட்டான். உட்கார்ந்து கண்ணாடியைத் துடைப்பான். வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் நின்று பாதியைக் காட்டிவிட்டு, மாதக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

"அறுநூறு பத்தல," என்றாள்.

"அவர்தானே அறுநூறு கேட்டார்?"

"அவர் கேட்பார். பத்துமா பத்தாதான்னு நான் இல்ல பார்த்துச் சொல்லியிருக்கணும்? அதே கரண்ட், ரெண்டு மடங்கு சுத்து... காந்தமும் ரெண்டு மடங்கு. முழுசா நாப்பத்தெட்டும் வந்துடும்."

"அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கடி."

"கேட்டா, என் காயில் குறைஞ்சு போச்சுன்னு நானே போய்ச் சொன்ன மாதிரி ஆகாதா?"

"ஆகட்டுமே."

"ஆகாது."

வியாழக்கிழமை மதியம் அவன் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து, உதவியாளரிடம் சொல்லிக் காயிலைக் கடைக்கு வரவழைத்தாள். முனை தளர்ந்திருக்கிறது, சரி செய்து தருகிறேன் என்றாள். பழைய கம்பியைப் பிரித்தாள். அதே உருளைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மெலிந்த கம்பி எடுத்தாள். ஆயிரத்து இருநூறு சுற்று. மூன்று மணி நேரத்தில் முடித்து, மேலே அதே துணி நாடாவைச் சுற்றினாள். வெளியிலிருந்து பார்த்தால் அதே காயில்தான்.

சீட்டு மட்டும் பாக்கி.

புதுச் சீட்டில் ஆயிரத்து இருநூறு என்று எழுதினால் அவன் கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். வேலை கிடைத்த பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம்... பழைய சீட்டையே எடுத்துக் கட்டினாள். முடிச்சு போடும்போது அக்காவின் பக்கம் திரும்பவில்லை. அக்காவும் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு உதவியாளர் மறுபடி வந்தார். நடந்து வரவில்லை, ஓடி வந்தார்.

"நாப்பத்தெட்டு வந்துடுச்சும்மா."

அவள் மூச்சை விட்டாள். "வந்துடுச்சா... அப்புறம் ஏன் உங்க முகம் இப்படி இருக்கு?"

"சார் தப்புன்னுட்டார்."

"எது தப்பு?"

"அந்த நாப்பத்தெட்டு. குழுவுல வந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க. போர்டுல இருக்கிற கணக்கும் சுவத்துல இருக்கிற புள்ளியும் ஒண்ணா இருக்கே, நல்லாருக்குன்னாங்க. இவர் மட்டும் 'இல்லைங்க, இது வரக் கூடாது'ங்கிறார். நாப்பத்தெட்டுங்கிறது எலக்ட்ரான் சும்மா வட்டமா ஓடினா வர்ற கணக்காம். தற்சுழற்சியா இருந்தா, அதே காந்தத்துக்குப் பாதித் திருப்பம்தான் வருமாம். பாதி வந்தாத்தான் தற்சுழற்சி இருக்குன்னு சாட்சியாம். முந்தாநாள் பாதி வந்துச்சே, அதுதான் சரியாம். அன்னிக்கு அந்த மனுஷன் சந்தோஷத்துல உக்காந்திருக்கார். நான் ஒரு மடையன், அழறார்னு நினைச்சேன்."

கடைக்குள் எந்த மோட்டாரும் ஓடவில்லை. அவளுக்கு மட்டும் காதுக்குள் இரைந்தது.

"வெளியில இருந்து வந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார்," என்றார் உதவியாளர். "காயில்ல சுத்து தப்பா இருக்குமோன்னு."

"சார் என்ன சொன்னார்?"

"'எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. வழக்கமான கரண்ட் வர்றதுக்கே இன்னிக்குக் குமிழை ரொம்பத் திருக வேண்டியிருந்துச்சு. ஆனா சீட்டுல அறுநூறுன்னு இருக்கு. சுத்தினவங்க தப்பா எண்ண மாட்டாங்க. தப்பு என்கிட்டதான் இருக்கணும்'னார். அவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஹெச்.ஓ.டி. மேடம் டீ குடிச்சிட்டு வரலாம்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதாம்மா. முடிஞ்ச மாதிரிதான்."

அவள் எழுந்தாள். கையிலிருந்த காயில் பாதியில் நின்றது. எத்தனையாவது சுற்றில் விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"அங்க போய்ச் சீட்டைப் பத்திச் சொல்லப்போறியா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"பொய்ச் சீட்டு கட்டினேன்னு சொல்லணும். எல்லார் முன்னாடியும். ஊர் முழுக்கப் போகும்."

"தெரியும்."

"பதினோரு வருஷம்டி."

"தெரியும்க்கா."

"செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ. ஈரம்."

ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். அப்போதுதான் குழு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. துறைத் தலைவியான ஹெச்.ஓ.டி. மேடமும் வெளியிலிருந்து வந்த இரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். அவன் போர்டின் அருகே சாக்பீஸும் கையுமாக நின்றான். எதுவும் எழுதவில்லை. எதிர்ச் சுவரில் சிவப்பு ஒளிப்புள்ளி ஊஞ்சல்போலப் போய்வந்துகொண்டிருந்தது.

"ஆயிரத்து இருநூறு," என்றாள் வாசலிலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும்மா நீ?" என்றார் பெரியவர்.

"காயில் சுத்தினவ. அதுல ஆயிரத்து இருநூறு சுத்து இருக்கு. நேத்து மத்தியானம் மாத்தினேன். சாருக்குத் தெரியாது. காயிலை எடுத்துட்டு வந்த இந்த லேப் அண்ணனுக்கும் தெரியாது."

பெரியவர் காயிலை நோக்கிக் குனிந்து, சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். "இதுல அறுநூறுன்னு இருக்கே?"

"சீட்டு பொய்."

சொல்லிவிட்டாள். அந்த இரண்டு சொற்களுக்காக மாடிப்படி முழுக்கத் தன்னைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஏம்மா மாத்தினே?"

"பாதிதான் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். பாதின்னா குறைன்னு நினைச்சேன்... என் காயிலால சாருக்கு வேலை போயிடும்னு நினைச்சேன்."

சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. அவன் போர்டில் அறுநூறை அழித்து, ஆயிரத்து இருநூறு என்று எழுதினான். கீழே வரிசையாகக் கணக்கை மாற்றிக்கொண்டே வந்தான். நாற்பத்தெட்டு இருந்த இடத்தில் தொண்ணூற்றாறு வந்தது.

"வட்டமா ஓடினா தொண்ணூத்தாறு வரணும்," என்றான். "சுவத்துல வந்திருக்கிறது நாப்பத்தெட்டு."

"பாதி," என்றார் பெரியவர். சுவரைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "நீ ஒண்ணும் வருத்தப்படாதேம்மா. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இதை முதல்ல செஞ்ச பெரிய மேதைங்களே, முழுசு வரணும்னு எதிர்பார்த்து, முழுசுதான் வந்துச்சுன்னு எழுதிட்டுப் போனாங்க. பாதின்னு ஒத்துக்க வருஷக்கணக்கா ஆச்சு. நீ ஒரு நாள்ல வந்துட்டே."

ஹெச்.ஓ.டி. மேடம் தாள்களை அடுக்கினார்.

"நல்ல பதில் தானா வந்து நிக்கும்போது தப்புன்னு சொல்ற ஆளைத்தான் இந்த ஆய்வகத்துல வெச்சுக்கணும்," என்றார். "கடிதம் திங்கக்கிழமை வரும். அதுவரைக்கும் கேண்டீன்ல பேச வேண்டாம்."

அவள் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள். முதல் மாடித் திருப்பத்தில் அவன் வந்து பிடித்தான். கையை இல்லை... கைப்பிடிச் சுவரை, அவளுக்கு ஒரு படி கீழே போய் நின்று.

"நில்லுங்க."

"வேலை கிடக்கு. பாதியில விட்டுட்டு வந்தேன்."

"ஒரு நிமிஷம்."

நின்றாள். வராந்தா ஜன்னல் வழியாக மறுபடி தூறல் தெரிந்தது. அவன் கண்ணாடியில் ஈரம் எதுவும் இல்லை. அன்று பார்த்த கண்கள் இன்று இன்னும் பக்கத்தில் இருந்தன.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றான்.

"கேட்டிருக்கலாம். வறட்டு கௌரவம்."

"இனிமே அந்தச் சீட்டை நான் நம்பலாமா?"

"வேண்டாம். சீட்டை நம்பாதீங்க," என்றாள். "என்னைக் கேளுங்க. இனிமே எது கேட்டாலும் மறைக்காமச் சொல்லிடுறேன்."

"எது கேட்டாலும்?"

"எது கேட்டாலும்."

வகுப்பில் நாற்பது பேர் முன்னால் தடங்கல் இல்லாமல் பேசுகிறவன்தான்... இப்போது ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை வாய் திறந்து மூடினான்.

"என்னை... உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்த சுவரை விட்டான், மறுபடி பிடித்தான்.

"இப்ப நீங்க என்னைக் கேளுங்க."

"கேக்க வேண்டியதில்ல. தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கணக்கைச் சந்தேகப்பட்டீங்க. கருவியைச் சந்தேகப்பட்டீங்க. அத்தனை பேர் முன்னாடி உங்களையே சந்தேகப்பட்டீங்க. என்னை மட்டும் விட்டுட்டீங்க." அவன் நின்ற படிக்கே இறங்கினாள். "அதைக் கேட்டுட்டு அந்தக் கடையில எப்படி உக்காந்திருப்பேன்?"

"ஆமா," என்றான். "பிடிச்சிருக்கு. ரொம்ப."

மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. குழு கிளம்புகிறது.

"உங்க அக்காகிட்ட நான் வந்து பேசணும்," என்றான்.

"வாங்க. ஆனா நீளமாப் பேசாதீங்க. அவளுக்கு எல்லாம் தெரியும்... நமக்குத்தான் தெரிய நேரமாயிடுச்சு."

படி அகலமாகத்தான் இருந்தது. இருந்தும் இருவரும் தோள் உரசவே இறங்கினார்கள்.